ஒரு ஆளுக்கு ஆறு

மாடிப்படியின் மூன்றாவது படியில் வைஃபை சிக்னல் பன்னிரண்டு புள்ளி குறைந்து விழுந்தது. ஏகாம்பரநாதன் லேப்டாப்பை ஏந்திய கையோடு ஒரு படி இறங்கினார், எண் சரியானது. எட்டி வைத்து நான்காவது படிக்குப் போனார். அங்கேயும் சரியாகவே இருந்தது. திரும்ப மூன்றாவதில் நின்றால், பன்னிரண்டு போச்சு. ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி. மகள் மோகனப்ரியா துணி எடுக்க வாலாஜாபாத் போயிருந்தாள். வீட்டில் அவரைத் தவிர ஒரு ஈ, காக்கா இல்லை.

முப்பது வருஷமாக ஒரகடத்துக் கம்பெனிகளில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். மீட்டர் ஒன்று சொன்னால் மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் நம்புவார். மூன்று தடவை பார்த்தார். பிறகு செக்லிஸ்ட் தாளின் பின்பக்கத்தில் தான் வரைந்து வைத்திருந்த வீட்டுப் படத்தில், மூன்றாவது படிக்குப் பக்கத்தில் பன்னிரண்டு என்று எழுதி ஒரு வட்டம் போட்டார். மாட்டியிருக்கிற பொருளில் கோளாறு இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இத்தனை அக்கறைக்குக் காரணம் இருந்தது. மோகனப்ரியாவுக்கு ஆஸ்பத்திரி நோயாளிகளின் பேப்பர்களைப் பார்க்கிற வேலை. ஊரார் ரகசியம் அதில் இருப்பதால், வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்குக் கம்பெனியே ஒரு ஃபயர்வால் பெட்டி அனுப்பியிருந்தது. உள்ளங்கை அகலக் கறுப்புப் பெட்டி. பின்னால் நாலு வயர் ஓட்டை, ஆன்டெனா கிடையாது. அதற்குத் தோதாக, வைஃபையைப் பரப்புகிற ஒரு ஆக்சஸ் பாயிண்டை நாமே வாங்கி மாட்ட வேண்டும். மூன்று வாரத்தில் கம்பெனி தூரத்திலிருந்தே சோதித்துப் பார்க்கும். அவள் உட்காரும் மாடி அறையில் சிக்னல் போதவில்லையென்றால், மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூர் ஆபீசுக்குப் போய்விட வேண்டும்.

மனைவி ராஜலட்சுமி செத்து நாலு மாசம்தான் ஆகிறது. இந்த வீட்டில் இப்போது இருக்கிற ஒரே மனிதச் சத்தம் பிரியாதான். அவளும் போய்விட்டால் நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே இருட்டும் பூட்டின வாசனையும்தான் இருக்கும். அதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

தன் கம்பெனியில் நெட்வொர்க் பார்க்கிற கோமதிநாயகத்திடம்தான் யோசனை கேட்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், ஒரகடத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறவர். கேன்டீனில் உட்கார்ந்து விலாவாரியாகச் சொன்னார்.

"உங்க மக கம்பெனி அனுப்புன பெட்டி இருக்குல்லா, அது வாட்ச்மேன் மாதிரி அண்ணாச்சி. யாரு வாரா, யாரு போறான்னு வாசல்ல நின்னு பாத்துக்கிடும். வீட்டுக்குள்ள கொண்டு சேக்கதுக்கு வேற ஆள் வேணும். மூணு தினுசு தாரேன், மாட்டிப் பாருங்க. அட்டையில போட்டிருக்கத நம்பாதிய, நடந்து அளங்க. நம்ம ஷெட்டுல எப்படி அளந்தோம்? ஷிப்ட் ஓடும்போதுதான. காலி ஷெட்டுல அளந்தா பொய்யில்லா சொல்லும்."

"ஆளுக்கும் சிக்னலுக்கும் இன்னாப்பா சம்பந்தம்?"

"உடம்பு பூரா தண்ணிதான அண்ணாச்சி. தண்ணி சிக்னலக் குடிச்சிரும். குறுக்க ஒரு ஆள் நின்னா ஆறு புள்ளி போச்சுன்னு வச்சுக்கிடுங்க."

ஒரு ஆளுக்கு ஆறு. ஏகாம்பரநாதன் அதையும் தாளில் குறித்துக்கொண்டார்.

மூன்று தினுசில் முதலாவது இரண்டு ஆன்டெனா வைத்த மலிவு சாமான். ஞாயிற்றுக்கிழமை அளந்தது அதைத்தான். செவ்வாய்க்கிழமை இரண்டாவதை மாட்டினார். ஜோடியாக வருவது, ஒன்று சிக்னலை வாங்கி மற்றொன்றுக்குக் கொடுக்கும். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி, இட்லியைத் தின்றுவிட்டு, பிரியா காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்துத் தொடங்கினார். மூன்றாவது படியில் இப்போது ஒன்றுமில்லை. 'பார்த்தியா, பொருளோட கோளாறுதான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேலே ஏறினார். படி திரும்புகிற இடத்தில் எண் விழுந்தது. பன்னிரண்டு.

அங்கே ஜன்னல் கிடையாது. வடக்குப்பட்டுப் பக்கமிருந்து வருகிற காற்றும் நுழையாது. தூரத்து ஃபோர்ஜிங் கம்பெனியின் சம்மட்டி நாலு நொடிக்கு ஒரு தடவை விழுவது சுவரில் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகி யாரும் கவனிக்காத சத்தம் அது. அன்றைக்கு அந்த அதிர்வுக்கு நடுவே, ராத்திரி முழுக்க வாளியில் ஊறப்போட்டு மறந்த துணியின் ஈர வாசனை ஒன்று, இருந்ததா இல்லையா என்று தெரியாதபடி, மூக்கு வரை வந்துவிட்டுப் போனது. அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது.

"இன்னாப்பா, இன்னும் தூங்கலியா நீ?" கீழே காய்கறிப் பையோடு பிரியா நின்றாள். "நைட்டு வேல செஞ்சிட்டு வந்து இத்தப் புடிச்சிகினு சுத்திகினு கீற. கண்ணப் பாரு, எப்டி செவந்து கீது."

"தோ, முடிஞ்சிட்ச்சிம்மா."

அவள் படியேறி அவரைக் கடந்து மாடிக்குப் போனாள். திருப்பத்தில் மட்டும் தோளை ஒருக்களித்து, சுவரோடு ஒட்டிப் போனாள். எதிரே வருகிறவருக்கு வழி விடுகிற மாதிரி. அவளுக்கே அது தெரியவில்லை. ஏகாம்பரநாதன் தாளை எடுத்து, திருப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார்.

வியாழக்கிழமை மூன்றாவது தினுசு. உட்கூரையில் பதிக்கிற வட்டத் தட்டு. கரண்டும் அதே வயரில் போகும். கம்பெனி ஷெட்டுகளில் இருப்பது இதுதான். முன்னறையில், ஃபயர்வாலுக்குப் பக்கத்தில் தற்காலிகமாக வைத்தார். நாலு மாசம் முன்பு வரை ராஜலட்சுமியின் கட்டில் கிடந்த இடம் அது. படி சுத்தமாக இருந்தது. திருப்பம் சுத்தமாக இருந்தது. மாடி அறையின் வாசல்படியில் பன்னிரண்டு விழுந்தது. அவர் கீழே ஓடி அதைக் கழற்றிவிட்டு முதல் சாமானை மாட்டி, மூச்சு வாங்க மறுபடி மேலே வந்தார். அதே வாசல்படி. அதே பன்னிரண்டு.

பொருளில் கோளாறில்லை. அந்தப் பன்னிரண்டுதான் நகர்ந்துகொண்டிருந்தது. ஞாயிறு மூன்றாம் படி, செவ்வாய் திருப்பம், வியாழன் வாசல்படி. ஒரு நோயாளி மூச்சு வாங்கி, நின்று, கைப்பிடியைப் பிடித்து, மெதுவாக ஏறுகிற மாதிரி ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு ஆளுக்கு ஆறென்றால் பன்னிரண்டு என்பது யார்? இரண்டு பேரா?

அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தபோது அவர் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் இல்லை. ஒரே ஆள். இரண்டு மடங்கு தண்ணீர்.

கிட்னி இரண்டும் போய், கடைசி மாதங்களில் ராஜலட்சுமியின் உடம்பில் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. கால் வீங்கி, முகம் வீங்கி, கட்டைவிரலால் அழுத்தினால் அழுத்தின பள்ளம் அப்படியே நிற்கும். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கொடுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர் ஏகாம்பரநாதன். சொம்பை எட்டாத இடத்தில் வைத்தார். "ஒரு வாய்யா, ஒரே ஒரு வாய்" என்று அவள் ராத்திரியெல்லாம் கெஞ்சினாள். உடம்பெல்லாம் தண்ணீரை வைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டுக் கேட்டே, ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் போய்விட்டாள்.

சனிப்பொணம் தனியாப் போகாது என்பார்கள். துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டுதான் போகும். அதற்காகப் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டிக் கூடவே அனுப்புவது வழக்கம். குன்றத்தூரிலிருந்து வந்த ராஜலட்சுமியின் அக்கா மீனம்மாள்தான் அன்றைக்குக் குஞ்சைக் கொண்டுவந்து, கால்மாட்டு மூங்கிலில் தன் கையாலேயே கட்டினாள். பாதி வழியில், கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற ரோட்டோரம், பாடையை இறக்கித் தலைமாடு கால்மாடு திருப்புவதற்காக வைத்தார்கள். கொள்ளிச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஏகாம்பரநாதன் குனிந்தார். வெயிலில் அந்தக் குஞ்சு அலகைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. தாகம். மூன்று மாதமாக ஒரு வாய்க்குத் தண்ணீர் இல்லை இல்லை என்று சொன்ன மனிதரால் அந்த இன்னொரு வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. முடிச்சை அவிழ்த்துப் புதரில் விட்டுவிட்டார். சத்தத்திலும் புழுதியிலும் யாரும் பார்க்கவில்லை. சுடுகாட்டில் தேடினவர்களிடம் வழியில் விழுந்திருக்கும் என்றார்.

நாலு மாசமாக யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை. இதிலெல்லாம் அவருக்கு நம்பிக்கையும் இருந்ததில்லை.

சனிக்கிழமை சாயந்தரம் வேலை முடிந்து பிரியா கீழே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்தாள்.

"ரூம்ல ஒரே ஈரமா கீதுப்பா. எங்கனா பைப்பு கசியுதா பாரேன்."

அவர் அவள் காலைப் பார்த்தார். கொலுசு இருந்த இடத்தில் தோல் பிதுங்கியிருந்தது.

"இன்னாம்மா இது?"

"உக்காந்துகினே கீறதுல லைட்டா வீங்கி கீது. ஒண்ணியும் இல்ல."

அவர் குனிந்தார். கட்டைவிரலைக் கணுக்காலுக்கு மேல் வைத்தார். அழுத்தினார். எடுத்தார். பள்ளம் நின்றது. ஒன்று. இரண்டு. மூன்று. சுவரில் சம்மட்டி அதிர்ந்தது. நாலு. ஐந்து. பள்ளம் எழவில்லை.

"இன்னாப்பா இப்டி பாக்கற? கூச்சமா கீது," என்று சொல்லிக் காலை இழுத்துக்கொண்டாள்.

மறுநாளே ஸ்ரீபெரும்புதூருக்குக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுத்து, மூத்திரம் கொடுத்து, ஸ்கேன் எடுத்தார். கிட்னி தங்கம் மாதிரி இருப்பதாக டாக்டர் சொன்னார். எழுந்து நடக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து, அவள் குளிக்கப் போன நேரத்தில், அவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடி அறைக்குப் போனார். வாசல்படி சுத்தம். ஜன்னலோரம் சுத்தம். மேசையில் சுத்தம். அவள் உட்காருகிற நாற்காலிக்குப் பின்னால், ஒரு முழத்தில், பன்னிரண்டு.

பிறகு அவருக்குத் தூக்கம் வரவில்லை. பொருளைத் தேர்ந்தெடுக்கிற வேலை என்னவோ முடிந்துவிட்டது. வட்டத் தட்டை மாடி அறையின் உட்கூரையில், அவள் தலைக்கு நேர் மேலே பதித்தால் போதும். யார் குறுக்கே நின்றாலும் சிக்னல் தாங்கும். சோதனையில் தேறிவிடும். மகள் வீட்டோடு இருப்பாள். வயர் இழுக்க ஸ்லாபில் ஒரு ஓட்டை போட வேண்டும், அரை மணி நேர வேலை. ட்ரில்லிங் மெஷின் கட்டிலுக்கடியில்தான் இருந்தது. மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவள் இங்கே இருந்தால்தான் அவருக்கு வீடு. அவள் இங்கே இருந்தால் அவள் இருக்க மாட்டாள். பெற்ற வயிறு கேட்குமா என்பார்களே, பெற்றவனுக்கும் ஒரு வயிறு இருக்கிறது. அது நான்காம் நாள் முடிவு செய்தது.

மலிவு சாமானை எடுத்து, முன்னறை பீரோவுக்குப் பின்னால், இரும்புக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து, ஃபயர்வாலோடு இணைத்தார். விளக்கு பச்சையாக எரிந்தது. மற்ற இரண்டையும் கோமதிநாயகத்திடம் திருப்பிக் கொடுத்தார்.

"இது மாடிக்குக் காணாதுன்னு உங்களுக்கே தெரியும்லா அண்ணாச்சி?"

"தெரியும்பா."

கோமதிநாயகம் இரண்டையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை சோதனை நடந்தது. மாலையே கடிதம் வந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை பெங்களூரில் இருக்க வேண்டும். பிரியா கீழே வந்து பீரோவை நகர்த்திப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சாமானைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"வோணும்னே பண்ணியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நா இருக்கறது உனக்கு பாரமா கீதா? சொல்லியிருந்தா நானே போயிருப்பேனே. இதுக்கு ஒரு நாடகமா?" அவளுக்குக் குரல் உடைந்தது. "அம்மா இருந்தா இப்டி வுட்ருப்பாளா?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. பீரோவைத் திரும்பச் சுவரோடு தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியம்மாவிடம் சொல்லிக்கொள்ள அவள் குன்றத்தூர் போனாள். ஏகாம்பரநாதன் பானையிலிருந்து ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டார். தளும்பத் தளும்ப மாடி அறைக்குக் கொண்டுபோய், நாற்காலிக்குப் பின்னால், தரையில் வைத்தார். பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

"குடி ராஜி," என்றார். "எவ்ளோ வோணுமோ குடி. நா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வெளியே காற்று ஓய்ந்திருந்தது. கொடியில் காய்ந்த துணி அசையவில்லை.

"நாந்தான் அவுத்து வுட்டேன். தப்புதான். புள்ளைக்கு இன்னா தெரியும்? நா இருக்கேன்ல, அறுவது வயசு ஆவப்போவுது, எனக்கு இன்னா வேல இங்க. என்னக் கூட்டிகினு போ. அவள வுட்டுடு."

எண் அசைந்தது. மெதுவாக. ஒன்று, மூன்று, ஏழு. மடியில் இருந்த லேப்டாப்பில் பன்னிரண்டு விழுந்து நின்றது. ஈரத் துணி வாசனை அவரைச் சுற்றிக் கவிந்தது. இடது தோள் சில்லென்றது. கட்டிலில் சாய்ந்து உட்கார முடியாத நாட்களில் அவள் தலை சாய்த்துக்கொண்ட தோள் அது. பயத்தில் அவருக்குப் பல் கிட்டியது. ஆனாலும் அவர் தோளை நகர்த்தவில்லை. நாலு மாசமாக அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் அப்போது வந்தது. சரி என்று சொல்லிவிட்டாள் என்றுதான் அவர் நினைத்தார்.

ராத்திரி ஸ்ரீபெரும்புதூர் ஹைவேயில் பஸ் ஏற்றிவிட்டார். பிரியா கோபத்தை மறந்து ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மாத்திரை சாப்பிடு, கேன்டீன் சோற்றையே தின்னாதே என்று சொல்லிக்கொண்டே போனாள். வீட்டுக்கு வந்து அவர் படுக்கவில்லை. தனக்கு நேரம் வந்துவிட்டது என்று வேட்டி மாற்றிக்கொண்டு, மாடி அறையில் போய்க் காத்திருந்தார். விடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

காலையில் அளந்தார். நாற்காலிக்குப் பின்னால் சுத்தம். வாசல்படி, திருப்பம், மூன்றாவது படி, முன்னறை, அடுப்படி, கொல்லை, எல்லாம் சுத்தம். தாளில் வட்டம் போட ஓர் இடமும் இல்லை. காலி வீடு காலி வீடு என்றே சொன்னது.

தனியாகவே போய்விட்டாளோ? ஒரு சொம்புத் தண்ணீரில் மனசு ஆறிப் போய்விட்டாளோ? அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டார். ஷிப்டுக்கு லீவு போட்டார். நாலு மாசத்தில் முதல் தடவையாகச் சோறு வடித்து, ரசம் வைத்து, தனியே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்.

சாயந்தரம் ஏழரைக்குப் பிரியா வீடியோவில் கூப்பிட்டாள். ஹாஸ்டல் அறை. வெள்ளைச் சுவர், இரும்புக் கட்டில், பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். பிரியாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து சேர்ந்தது.

"கேக்குதாப்பா? இங்க ரூமுக்கு வெளியவே அந்த ஆக்சஸ் பாயிண்ட் மாட்டி கீது. இவளுக்குலாம் ஃபுல்லா வருது. எனக்குத்தான் வர மாட்டுது."

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த எடத்துலம்மா?"

"எடம்லாம் இல்லப்பா. அதான் தமாஷு. எங்க போனாலும் இப்டிதான். கைய நீட்டிப் புட்ச்சா வருது, பாரு." முகம் தெளிவாயிற்று. சிரித்தாள். "ஒடம்பாண்ட கொண்டாந்தா போய்டுது."

"பிரியா."

"இன்னாப்பா?"

"எழுந்துரு. அந்த ரூம வுட்டு வெளிய வா. இப்பவே வா."

"ஏன், இன்னாச்சி? கொஞ்சம் இரு, சரியா கேக்கல..." காதோரம் கொண்டுபோகப் போனைக் கிட்டே இழுத்தாள்.

படம் நின்றுவிட்டது.

அவர் கூப்பிட்டார். குரல் போகவில்லை. மறுபடி கூப்பிட்டார். சுவரில் சம்மட்டி அதிர்ந்தது. துண்டித்துவிட்டுத் திரும்பப் போடலாம். கை வரவில்லை.

திரையில் பிரியா பாதிச் சிரிப்போடு நின்றுகொண்டிருந்தாள். கண் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கத்து முடி மட்டும் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. அந்தப் பக்கத்துக் கன்னம், யாரோ கன்னத்தோடு கன்னம் வைத்து ஆசையாய் அழுத்திக்கொண்ட மாதிரி, உள்ளே அமுங்கியிருந்தது.